கிளம்ப மறுக்கும் பழைய கணினி: கோளாறு எந்தப் படியில்?

வீட்டு மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த பழைய மேசைக் கணினியைப் பல மாதங்கள் கழித்து இயக்குகிறீர்கள். பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. அல்லது காற்றாடி மட்டும் சுற்றுகிறது, திரை இருட்டாகவே இருக்கிறது. “இது பழசு, புதுசு வாங்கிடுங்க” என்கிறார் கடைக்காரர். புதிது வாங்கிவிடலாம். ஆனால் பிள்ளைகளின் சிறுவயதுப் படங்களும், மறைந்துபோன பாட்டியின் குரல் பதிவும் அந்தப் பெட்டிக்குள் அல்லவா இருக்கின்றன?

முதலில் ஓர் ஆறுதல். கணினி கிளம்பாமல் போவது வேறு, கோப்புகள் அழிந்துபோவது வேறு. உங்கள் படங்கள் இருப்பது வன்தட்டில். மின்சாரம் வராததற்கோ திரை இருட்டாக இருப்பதற்கோ வன்தட்டு காரணமாக இருப்பது அரிது. ஆகவே, அவசரப்பட்டு எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

கணினி கிளம்புவதைப் பள்ளி விளையாட்டுப் போட்டியின் தொடர் ஓட்டத்தோடு ஒப்பிடலாம். மின்சாரம் முதலில் ஓடுகிறது. அது கோலைச் சுயசோதனையிடம் தருகிறது. சுயசோதனை வன்தட்டிடம் தருகிறது. வன்தட்டு, விண்டோஸ் போன்ற இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. கோல் யார் கையிலிருந்து விழுந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை

கோளாறு மின்சாரத்தில் இருக்கிறது. சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே துளையில் மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். நீட்டிப்புக் கம்பி இருந்தால் அதை விலக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகுங்கள். நம் ஊர் மூன்று முள் பிளக்குக்குள் சிறிய ஃபியூஸ் ஒன்று உண்டு. அது எரிந்திருந்தாலும் கணினிக்கு மின்சாரம் போகாது. கணினியின் பின்புறத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் மின்சாரம் போகும். வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் போகாது. வீட்டைத் துடைக்கும்போது யாராவது அதைத் தட்டிவிட்டிருக்கலாம். சில பழைய பெட்டிகளில் 115, 230 என்று எழுதிய சிவப்பு சுவிட்சும் இருக்கும். அது 230இல்தான் இருக்க வேண்டும். 115க்கு மாற்றி இயக்கினால் உள்ளே இருப்பது எரிந்துவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், கம்பியைக் கழற்றிவிட்டு இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்னூட்டம் வெளியேறும். பிறகு மீண்டும் செருகிப் பாருங்கள். சில கணினிகள் இந்த ஒரு வைத்தியத்துக்கே எழுந்துவிடும்.

அப்படியும் எழாவிட்டால், சந்தேகம் மின்விநியோகப் பெட்டியின் மீது விழும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவது அதுதான். கணினி அணைந்திருக்கும்போதும் அதிலிருந்து 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். பல தாய்ப்பலகைகளில் அதைக் காட்டும் சிறு விளக்கு உண்டு. அந்த விளக்கு இருக்கும் தாய்ப்பலகையில் அது எரியவில்லை என்றால் பெட்டி செத்திருக்க வாய்ப்பு அதிகம். இடி மின்னல் மிகுந்த நம் பகுதியில், புயல்மழை நேரத்தில் கம்பியைக் கழற்றாமல் விடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஓர் எச்சரிக்கை: மின்விநியோகப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். அதனுள் இருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் இருக்கும். கம்பியைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் தங்கியிருந்து தாக்கக்கூடும். அந்தப் பெட்டியைப் பழுதுபார்க்க முயல வேண்டாம். முழுதாக மாற்றுங்கள்.

காற்றாடி சுற்றுகிறது, திரை இருட்டு

முதலில் திரையின் கம்பியைப் பாருங்கள். கணினியில் தனி வரைகலை அட்டை இருந்தால் கம்பி அதில்தான் செருகப்பட வேண்டும்.

அது சரி என்றால், கோல் சுயசோதனையின் கையில் நிற்கிறது. கணினி விழித்ததும் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். 1981இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் தனியாள் கணினியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. எல்லாம் நலம் என்றால் ஒரே ஒரு குட்டி ‘பீப்’. கோளாறு என்றால் பல ‘பீப்’கள். திரையே வேலை செய்யாதபோது கணினி வேறு எப்படித்தான் பேசும்? எத்தனை முறை ஒலிக்கிறது, நீளமா குட்டையா என்று எழுதிக்கொள்ளுங்கள். பொருள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

இந்தப் படியில் அடிக்கடி மாட்டுவது ரேம் எனப்படும் நினைவக அட்டை. நம் ஈரப்பதமான காற்றில் அதன் உலோக முனைகளில் மெல்லிய படலம் படியும், தூசியும் சேரும். கம்பியைக் கழற்றி, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, அட்டையை மெல்ல எடுங்கள். முனைகளை மென்மையான பென்சில் அழிப்பானால் இலேசாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

அப்படியே தாய்ப்பலகையையும் ஒரு பார்வை பாருங்கள். சிறு உருளைகளாக நிற்கும் மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ பலகையின் காலம் முடியப்போகிறது. 2000களின் தொடக்கத்தில் வந்த பல தாய்ப்பலகைகள் இந்தக் குறையால்தான் வீழ்ந்தன.

எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லை

இது நல்ல செய்தி; பாதி ஓட்டம் முடிந்துவிட்டது. இயங்குதளத்தைக் காணவில்லை என்று திரை சொன்னால், முதலில் பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கணினி அதில் தேடிவிட்டு ஏமாந்து நின்றிருக்கலாம்.

தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் வட்ட மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அமைப்புகள் மறந்துபோனால், எந்த வன்தட்டிலிருந்து கிளம்புவது என்பதும் கணினிக்கு மறந்துபோகலாம். மின்கலத்தை மாற்றி, அமைப்புப் பக்கத்தில் தேதியையும் கிளம்பும் வரிசையையும் சரிசெய்யுங்கள்.

வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று சீராகத் தட்டும் ஓசை கேட்டால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே தகவலைப் படிக்கும் முனை தடுமாறுகிறது. மீண்டும் மீண்டும் இயக்கினால் எஞ்சியிருப்பதும் போய்விடலாம். அந்த வட்டைத் தகவல் மீட்பு வல்லுநரிடம்தான் கொடுக்க வேண்டும்.

எதுவும் பலிக்காவிட்டால்?

கணினியை விட்டுவிடுங்கள், வன்தட்டை மட்டும் கழற்றுங்கள். அதை யுஎஸ்பி வழியாக வேறொரு கணினியில் இணைக்கும் கருவி கடைகளில் கிடைக்கிறது. மிகப் பழைய வட்டுக்கு அகலமான பட்டைக் கம்பி இருக்கும். பிந்தையதற்கு மெல்லிய கம்பி. வட்டைக் கையோடு எடுத்துச் சென்று பொருந்துவதை வாங்குங்கள். மேசைக் கணினி வட்டுக்கு 12 வோல்ட் தேவை. அதனால் தனி மின்னிணைப்பு உள்ள கருவியாகப் பாருங்கள். இணைத்ததும் ‘ஃபார்மட் செய்யவா’ என்று திரை கேட்டால், வேண்டாம் என்றே சொல்லுங்கள். கடையில் பழுதுக்குக் கொடுத்தாலும், “வட்டை ஃபார்மட் செய்யாதீர்கள்” என்று முதலிலேயே சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

கோப்புகள் கிடைத்ததும் உடனே இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். அதன்பின் அந்தப் பழைய பெட்டி எழுந்தாலும் சரி, எழாவிட்டாலும் சரி. பாட்டியின் குரல் உங்களிடம் இருக்கும்.