குளவி அடைத்த குழாய்

"சேர், தரையில் ஓடும் வண்டிக்குச் சில்லு சுழல்வதைக் கொண்டு வேகம் சொல்லலாம். ஆகாயத்தில் பறப்பதற்கு எதைக் கொண்டு சொல்வது?"

கிளிநொச்சியில் பௌதிகவியல் கற்பிக்கும் என்னிடம் ஒரு மாணவன் இவ்வாறு வினவினான். விடையை வகுப்பறையில் கூறாமல், இரணைமடுக் குளத்து நீர் வயல்களுக்குச் செல்லும் வாய்க்காலுக்கு அவர்களை அழைத்துச் சென்றேன். நுனி வளைந்த கண்ணாடிக் குழாயொன்றை நீரோட்டத்தை எதிர்நோக்க அமிழ்த்தினோம். ஓட்டம் மந்தமான கரையோரத்தில் குழாயினுள் நீர் சிறிதே ஏறியது. நடு வாய்க்காலில் விரலளவு ஏறி நின்றது. 1732ஆம் ஆண்டில் ஹென்றி பித்தோ என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் சேன் நதியில் செய்ததும் இதுவே. ஆற்றில் பிறந்த கருவி ஆகாயத்துக்கு வாழ்க்கைப்பட்டது என்றேன்; பையன்கள் சிரித்தார்கள்.

விமானத்திலும் அதே குழாய்தான். இறக்கையின் கீழே முன்னோக்கி நீட்டிய குழாயின் வாயில் காற்று மோதித் தேங்குகிறது. அவ்வமுக்கத்துக்கும், வேறொரு பக்கத் துளை காட்டும் சுற்றுக்காற்றின் அமுக்கத்துக்கும் உள்ள வேறுபாடே கதிமானியின் முள்ளை நகர்த்துகிறது. மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் இவ்வேறுபாடு எவ்வளவு? நீர்மட்டத்தால் அளந்தால் ஏறத்தாழ 16 சதமமீற்றர்; ஒரு சாணுக்கும் குறைவு. வேகம் பாதியானால் அது நாலிலொன்றாகிவிடும். சிறு விமானத்தில் தரையிறங்க வருபவனின் உயிர் நான்கு சதமமீற்றர் நீரில் தங்கியிருக்கிறது என்பது மிகையன்று.

வன்னியில் சிறு விமானம் என்றவுடன் எவருக்கும் 2007ஆம் ஆண்டின் போர்க்கால நினைவே முதலில் எழும். நான் சொல்ல வந்தது அதுவன்று. என் மனத்தில் இருந்தவர் றே விஜேவர்தன (1924 - 2010). நம் வயல்களில் ஓடிய 'லான்ட்மாஸ்டர்' என்னும் இருசில்லு உழவு இயந்திரத்தை உருவாக்கியவர் அவரே. சாணமும் பாலும் தராத எருமையைத்தான் செய்துவிட்டோமோ என்று பிற்காலத்தில் ஐயுற்றவரும் அவரே. அவர் தாமே சிறு விமானங்களை வடிவமைத்து, கட்டி, பறந்தும் காட்டினார் என்பதை என் மாணவருள் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

இவ்வாறு தம் கையால் விமானம் கட்டுவோருக்கு இறக்கையினுள் இக்குழாயைப் பதிப்பது சிறு வேலை போலத் தோன்றும். ஆனால் இறக்கையின் மேற்றகடு மூடியபின் உள்ளே கை எட்டாது. செய்த பிழை அங்கேயே தங்கிவிடும். ஆகவே விலாச் சட்டங்களின் துளைதோறும் றப்பர் வளையம் இட்டே குழாயை நுழைப்பர். இல்லையேல் அதிர்வில் தகட்டின் விளிம்பு குழாயைச் சிறிது சிறிதாக அறுத்துவிடும். குழாய் எங்கும் மடியலாகாது. உட்புகும் மழைநீர் தேங்காது வடிய, அது ஒரே சீராகச் சரிந்து செல்லவேண்டும். இறக்கையைக் கழற்றிப் பூட்டுவதற்காக, அது உடலோடு சேரும் இடத்தில் ஓர் இணைப்பு வைப்பர். கசிவு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும். குளிர் மேகத்தில் குழாயின் வாய் உறையாதிருக்கச் சூடேற்றும் கம்பியும் உண்டாயின், அதற்குத் தடித்த மின்கம்பி தனியே செல்லும். பின்னாளில் வேறொரு கம்பி இழுக்க நேரலாம் என்று வெறும் நூலொன்றையும் உள்ளே விட்டு வைப்பார்கள். இந்த முன்யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

முடிவில் சிறிஞ்சொன்றைக் குழாயின் வாயில் பொருத்தி, முள் ஏறும்வரை மெல்ல அழுத்திப் பிடிக்கவேண்டும். ஏறிய முள் அசையாது நின்றால் கசிவில்லை. வாயால் ஊதினால் மென்மையான கருவி கெட்டுவிடும்.

அடுத்த தவணையில் மீண்டும் வாய்க்காலுக்குப் போனோம். நீர் ஏறவேயில்லை. ஓட்டம் குறைந்துவிட்டது என்றான் ஒருவன், நானும் நம்பினேன். பிறகு குழாயைத் தூக்கிப் பார்த்தால் வளைந்த நுனி மண்ணால் பூசப்பட்டிருந்தது. ஆய்வுகூட அலுமாரியின் மேல் கிடந்த அதனுள் வேட்டுவன் என்னும் குளவி குடியேறியிருந்தது. புழுவைக் கொட்டிக் கொட்டித் தன் இனமாக்கும் என்று நம் முன்னோர் வியந்த குளவி அது. உண்மையில் அது கொண்டுவந்து அடைப்பது தன் குஞ்சுக்கு உணவான இரையைத்தான்.

அங்கேயே, வரம்பில் அமர்ந்து, 1996 பெப்ரவரி 6ஆந் திகதி நடந்ததை அவர்களுக்குக் கூறினேன். டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவில் பல நாள்கள் தரையில் நின்ற போயிங் 757 விமானம் ஒன்று புறப்பட்டது. தலைமை விமானியின் கதிமானிக் குழாய் அடைபட்டிருந்தது. குளவிக் கூடே காரணமாயிருக்கலாம் என்பது விசாரணையாளர் கருத்து. அடைபட்ட குழாயினுள் பழைய அமுக்கம் அப்படியே சிறைப்பட்டிருக்கும். மேலே செல்லச் செல்ல வெளியமுக்கம் குறைவதால், வேகம் கூடாமலே முள் ஏறும். வேகம் மிஞ்சியது என்ற மயக்கத்தில் மூக்கை உயர்த்தி, உண்மை வேகத்தை இழந்து, விமானம் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 189 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அதன்பின் பையன்கள் சிரிக்கவில்லை. கேள்வி கேட்ட மாணவன் மறுநாள் தன் தாயிடம் தைப்பித்த சிவப்புத் துணித் தொப்பியொன்றைக் கொண்டுவந்து குழாயின் நுனியில் மாட்டினான். நிற்கும் விமானங்களுக்கும் இத்தகைய உறையிட்டு, கழற்ற மறவாதிருக்கச் சிவப்பு நாடா தொங்கவிடுவது வழக்கம். சென்ற மாதம் அத்தொப்பியைக் கழற்றாமலே குழாயை நீருக்குள் விட்டவன் நான்தான்; "சேர், தொப்பி!" என்று கத்தியவன் அவன்.