ஒக்டேன் 92, 95: எந்த வாகனத்துக்கு எது இலாபம்?

புறக்கோட்டையில் புடவை மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் என் கடைக்கு வந்திருந்தார். அவரிடம் இரண்டு வாகனங்கள் இருக்கின்றன. ஒன்று, பாவித்த நிலையில் வாங்கிய ஜேர்மன் சொகுசுக் கார். மற்றது வீட்டுத் தேவைக்கான சிறிய ஜப்பான் கார். பேச்சு பெற்றோல் விலைக்குத் திரும்பியபோது அவர் சொன்னார்:

"நானா, பெரிய கார் நிறையக் குடிக்குது. அதனால அதுக்கு 92 தான் அடிக்கிறேன். சின்னது கொஞ்சமாத்தான் குடிக்கும். அதுக்கு நல்லதா 95 அடிக்கிறேன். கணக்குச் சரிதானே?"

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கணக்குத்தான். ஆனால் விடயம் தலைகீழாக இருக்கிறது. சின்ன வாகனத்தில் அவர் காசை வீணாக்குகிறார். பெரிய வாகனத்தில் முதலையே ஆபத்தில் வைக்கிறார். நம்மில் பலர் இதே தவறைச் செய்வதால் இந்த வாரம் இதைப் பற்றி எழுதலாம் என நினைத்தேன்.

95 என்றால் தரமா?

பெற்றோல் செட்டில் 95இன் விலை கூடுதலாக இருப்பதால், அது உயர்ந்த தரம் என்றும் 92 தாழ்ந்த தரம் என்றும் பலர் எண்ணுகிறார்கள். கடையில் முதலாம் தர அரிசி, இரண்டாம் தர அரிசி இருப்பதைப் போல இதையும் பார்க்கிறார்கள். இது அப்படியல்ல.

ஒக்டேன் இலக்கம் காட்டுவது ஒரே ஒரு குணத்தை மட்டும்தான். எஞ்சினுக்குள் அமுக்கப்படும்போது, பிளக் தீப்பொறி தரும் முன்னரோ தீ வந்து சேரும் முன்னரோ தானாகப் பற்றிக்கொள்ளாமல் அந்தப் பெற்றோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதே அது. ஐசோ ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100 என்றும் ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்றும் வைத்து இந்த அளவுகோல் அமைக்கப்பட்டது. 95 பங்கு ஐசோ ஒக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போல ஒரு பெற்றோல் தாக்குப்பிடித்தால் அதன் இலக்கம் 95.

எனவே 95இல் சக்தி கூடுதலாக அடைக்கப்பட்டிருக்கவில்லை. சாதாரண எஞ்சினில் ஊற்றினால் அது வேகமாகவும் ஓடாது, அதிக தூரமும் ஓடாது.

இலங்கையில் 95 பெற்றோலுடன் சேர்த்துச் சொல்லப்படும் "யூரோ 4" என்பது வேறொரு விடயம். அது கந்தகத்தின் அளவைப் பற்றியது. பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது என்பதே அந்த நியமம். புகைக் குழாயில் உள்ள சுத்திகரிப்புப் பாகத்துக்கு இது நல்லது. ஆனால் ஒக்டேன் இலக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

பெற்றோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அமுக்குகிறது. பிளக் தீப்பொறி கொடுக்கிறது. தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. சொகுசுக் கார்களில் பலவற்றுக்கு இந்த அமுக்கம் அதிகம். டர்போ பூட்டப்பட்டிருந்தால் இன்னும் அதிகம். சிறிய எஞ்சினிலிருந்து பெரிய இழுவையை எடுக்கும் வித்தை அதுதான்.

அத்தகைய எஞ்சினுக்குக் குறைந்த ஒக்டேன் பெற்றோலைக் கொடுத்தால், தீ வந்து சேரும் முன்னரே கலவையின் ஒரு பகுதி வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் தானாகப் பற்றிக்கொள்ளும். தகர டப்பாவில் கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் அப்போதுதான் வரும். கராஜ்காரர்கள் "நொக்கிங்" என்று சொல்வது இதைத்தான். இது கடுமையாகத் தொடர்ந்தால் பிஸ்டன், பிஸ்டன் வளையங்கள், பிளக் எல்லாம் பழுதாகும்.

இன்றைய கார்களில் இதைக் கண்டுபிடிக்கும் உணரி ஒன்று இருக்கிறது. நொக்கிங் தொடங்கியதும் காரின் கணினி தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்திவிடும். சத்தம் நிற்கும், ஆனால் இழுவை குறையும். அதே வேலைக்கு ஆக்சிலேட்டரை மேலும் மிதிக்க வேண்டி வரும். "92 அடிச்சும் நல்லா ஓடுதே" என்று நாம் சொல்லும்போது, கணினி நமக்காக ஒவ்வொரு நொடியும் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. குடும்பத்தோடு, ஏசியும் போட்டு, வெயிலில் கடுகண்ணாவ ஏற்றம் ஏறும்போதுதான் அந்த எல்லை சோதிக்கப்படுகிறது.

பெயரை விட்டு இலக்கத்தைப் பாருங்கள்

"ரெகுலர்", "பிரீமியம்", "சூப்பர்" என்ற பெயர்களை நம்ப வேண்டாம். நாட்டுக்கு நாடு அவற்றின் பொருள் மாறும். ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்து வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே "ஸ்பெஷல்" என்பது 95, "சூப்பர்" என்பது 98. ஜப்பானின் நியமப்படி ரெகுலர் பெற்றோல் 89க்குக் குறையக் கூடாது, உயர் ஒக்டேன் 96க்குக் குறையக் கூடாது. ஆகவே ஜப்பானில் ரெகுலர் பெற்றோலுக்கென்று தயாரிக்கப்பட்ட காருக்கு நமது 92 தாராளமாகப் போதும்.

அமெரிக்காவுக்கென்று தயாரிக்கப்பட்ட வாகனமாயின் கவனம் தேவை. அங்கே இலக்கத்தைக் கணிக்கும் முறையே வேறு. அமெரிக்காவின் 87 ஏறத்தாழ நமது 91க்குச் சமம். அங்கே 91 என்று எழுதியிருந்தால், நமது கணக்கில் அது 95 அல்லது அதற்குச் சற்று மேல். இதை அறியாமல் "91 தானே கேட்கிறது" என்று 92 அடிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

காசுக் கணக்கு

2022 ஜூன் மாத இறுதியில் 92 ஒரு லீற்றர் 470 ரூபாவாகவும் 95 ஒரு லீற்றர் 550 ரூபாவாகவும் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். வித்தியாசம் 80 ரூபா, அதாவது 17 வீதம். 92இல் லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வாகனம், 95இல் 11.7 கிலோமீற்றர் ஓடினால்தான் கூடுதலாகக் கொடுத்த காசு திரும்பி வரும்.

அப்படி ஓடுமா? அமெரிக்க வாகன சாரதிகளின் சங்கமான ஏ.ஏ.ஏ. 2017இல் இதைச் சோதித்தது. உயர் ஒக்டேன் "சிபாரிசு" செய்யப்பட்ட, ஆனால் கட்டாயமாக்கப்படாத கார்களில் சராசரியாகக் கிடைத்த சிக்கனம் 2.7 வீதம் மட்டுமே. ரெகுலர் போதுமான கார்களில் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை என்று 2016இலேயே அது கூறியிருந்தது. அதற்கு முந்திய 12 மாதங்களில் தேவையில்லாமல் உயர் ஒக்டேன் அடித்து அமெரிக்கர்கள் வீணாக்கிய தொகை 210 கோடி டொலர் என்றும் அச்சங்கம் மதிப்பிட்டது.

நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். ஒரு கராஜ்காரரின் பேச்சைக் கேட்டு, கடைச் சரக்கு ஏற்றும் சிறிய ஜப்பான் வேனுக்கு நீண்ட காலம் 95 அடித்தேன். பின்னர் 92க்கு மாறி, ஓடிய தூரத்தைக் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. வாடிக்கையாளரிடம் ஐந்து ரூபாவுக்குப் பேரம் பேசிக்கொண்டே, செட்டில் ஆயிரக்கணக்கில் கொட்டியிருக்கிறேன்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 95 கட்டாயமான காரிலும், கூடுதலாகக் கொடுக்கும் காசு முழுவதும் சிக்கனமாகத் திரும்பி வராது. அதை எஞ்சினுக்குக் கட்டும் காப்புறுதிப் பணமாகவே பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் ஒரு நல்ல எஞ்சினின் பெறுமதி என்னவென்று நாம் எல்லோரும் படித்துக்கொண்டோம். லீற்றருக்குச் சில பத்து ரூபா மிச்சம் பிடிக்கப் போய், முதலுக்கே மோசம் வரக் கூடாது.

மூடியைத் திறந்து பாருங்கள்

செய்ய வேண்டியது இலேசானது. பெற்றோல் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் அல்லது வாகனத்தின் கைநூலில் இலக்கம் இருக்கும். ஜப்பானிய எழுத்தாக இருந்தால் படம் எடுத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஒரே பெயருள்ள காரிலும் எஞ்சினுக்கு எஞ்சின் தேவை வேறுபடும். ஆகவே பக்கத்துக் கடைக்காரரின் காரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

95 கட்டாயம் என்றிருந்தால் 95 தவிர வேறு வேண்டாம். 95 சிபாரிசு, குறைந்தது 91 என்றிருந்தால், நகர ஓட்டத்துக்கு 92 போதும். மலைநாட்டுப் பயணம், பாரம் என்றால் 95 அடியுங்கள். 90, 91 அல்லது ஜப்பான் ரெகுலர் என்றிருந்தால் 92 அடித்துவிட்டு மிச்சக் காசைச் சட்டைப் பைக்குள் வையுங்கள்.

தவறுதலாக 95 காருக்கு 92 அடித்துவிட்டால் பதறித் தாங்கியைக் கழற்ற வேண்டியதில்லை. இரண்டும் கலந்தால் தீங்கில்லை. மெதுவாக ஓட்டி, இடம் கிடைத்ததும் 95ஆல் நிரப்பினால் சரி.

நண்பரையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் அவரது காரின் மூடியைத் திறந்தேன். உள்ளே 95 என்று தெளிவாக எழுதியிருந்தது. "ஏற்றத்தில இழுக்குதில்ல என்று இஞ்செக்டர் கழுவ வேற நாள் வாங்கி வெச்சிருந்தேன் நானா" என்றார். முதலில் மூன்று தாங்கி 95 அடித்துப் பாருங்கள், பிறகு கராஜுக்குப் போகலாம் என்றேன்.

சென்ற வாரம் கண்டியிலிருந்து தொலைபேசியில் கதைத்தார். கார் பழையபடி ஏறியதாம். இஞ்செக்டர் வேலையை நிறுத்திவிட்டாராம். வீட்டுக் காருக்கு இப்போது 92 தான் அடிக்கிறாராம்.