புது லேப்டாப், பழைய கர்னல்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜிஎஸ்டி சாலையை ஒட்டி இருக்கிறது மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம். 2025 ஜனவரியில் அங்கே சிர்மா எஸ்ஜிஎஸ் நிறுவனத்தின் லேப்டாப் அசெம்பிளிப் பிரிவை ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தொடங்கி வைத்தார். தைவானின் எம்எஸ்ஐ நிறுவனத்துக்காக முதலில் ஆண்டுக்கு 1 லட்சம் லேப்டாப், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் 10 லட்சம் வரை என்பது திட்டம். அதே சாலையில் பல்லாவரம் பக்கமாகக் கொஞ்ச தூரம் போனால் குரோம்பேட்டை எம்ஐடி வளாகம். அதற்குள் இருக்கும் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் ஒன்றிய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னைக் கிளையும் சேர்ந்து 2005-ல் கட்டற்ற, திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் பிறந்ததுதான் 'பாஸ்' லினக்ஸ். முதல் பதிப்பு 2007-ல் வந்தது. டெபியன் லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இயங்கும்படி செய்யப்பட்டது.

ஆக, கணினியும் இந்தப் பக்கம் தயாராகிறது, இயங்குதளமும் இந்தப் பக்கத்துடையது. அப்படியிருந்தும், கடையிலிருந்து பெட்டி பிரிக்காமல் வாங்கி வந்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் பார்க்கும் கல்லூரி மாணவர் பலருக்கு முதல் நாளே ஏமாற்றம். திரை வரும், கீபோர்டு வேலை செய்யும், வைஃபை இருக்காது. சில மாடல்களில் ஒலி வராது. சிலவற்றில் மூடி வைத்தால் தூங்கப் போகும் கணினி எழுந்திருக்காது. "லினக்ஸே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஐந்து வருடம் பழைய லேப்டாப்பில் அதே லினக்ஸ் வெண்ணெயாக ஓடுகிறதே, புதியதில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

ஒரே ஒரு சில்லை எடுத்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் இருக்கும் வைஃபை சில்லு ரியல்டெக் ஆர்டிஎல் 8852பிஇ. லினக்ஸ் டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை '-என்என்' சேர்த்துக் கொடுத்தால், கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு சில்லும் தன் எண்ணைச் சொல்லும். இந்தச் சில்லு சொல்வது 10இசி, பி852. முதல் பாதி தயாரித்த நிறுவனம், அடுத்த பாதி மாடல். கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, தன்னிடம் இருக்கும் டிரைவர்களின் (வன்பொருளை இயக்கும் நிரல்களின்) பட்டியலில் அந்த எண்ணைத் தேடுகிறது. வாக்காளர் அடையாள அட்டை கையில் இருந்தும் பூத் பட்டியலில் பெயர் இல்லாதவரின் கதிதான் அப்போது அந்தச் சில்லுக்கு. பழுது எதுவும் இல்லை. பட்டியல் அச்சானபோது அதன் பெயர் அதில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

எப்போது ஏறியது? 8852பிஇ-க்கான டிரைவர் கர்னல் 6.2-ல் சேர்ந்தது. அது 2023 பிப்ரவரியில் வெளியானது. டெபியன் 12 வெளியானது அதற்கும் நான்கு மாதம் கழித்து, ஜூனில். ஆனால் அதில் இருந்த கர்னல் 6.1. நீண்டகாலப் பராமரிப்பு உறுதிசெய்யப்பட்ட கர்னல் அதுதான் என்பதால் டெபியன் அதைத் தேர்ந்தெடுத்தது. ஆக 6.1-க்கும் 6.2-க்கும் இடையிலான இரண்டே மாதத்தில் தவறிப்போனது அந்தச் சில்லு. அடுத்த பெரிய பதிப்பான டெபியன் 13 வர 2025 ஆகஸ்ட் ஆகிவிட்டது. இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கும் மேல், டெபியன் 12-ஐ அப்படியே பென் டிரைவில் ஏற்றி நிறுவியவருக்கு அந்த வைஃபை கிடைக்கவில்லை. டெபியனை அடித்தளமாகக் கொண்ட பாஸ் போன்றவை அதற்கும் ஒரு படி பின்னால் நிற்பவை.

இதை டெபியனின் குறையாக நான் நினைக்கவில்லை. வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் என்று வருடக்கணக்கில் நிறுத்தாமல் ஓடவேண்டிய இடங்களுக்கு, அடிக்கடி மாறாத கர்னல்தான் வேண்டும். கர்னலைப் பொறுத்தவரை ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது. வேகத்துக்கும் நிதானத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது புதுக் கணினி வாங்கியவர்.

எல்லா உறுப்புகளும் ஒரே அளவு தாமதமாவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இன்டெலும் ஏஎம்டியும் தங்கள் பிராசசருக்கான நிரல்களைச் சில்லு சந்தைக்கு வருவதற்கு முன்பே கர்னலுக்கு அனுப்பத் தொடங்கிவிடுகின்றன. இன்டெலின் லூனார் லேக் பிராசசர் 2024 செப்டம்பரில் வந்தது. அதன் கிராஃபிக்ஸ் அதே வருடம் நவம்பரில் வந்த கர்னல் 6.12-ல் தானாகவே இயங்கியது. டெபியன் 13-ல் இருப்பதும் அதே 6.12. கேமரா கதை வேறு. சில ஆண்டுகளுக்கு முன்பே மெல்லிய லேப்டாப்களில் வரத் தொடங்கியிருந்த இன்டெலின் ஐபியூ6 கேமரா அமைப்புக்கான அடிப்படை டிரைவர் 2024 ஜூலையில் வந்த கர்னல் 6.10-ல்தான் சேர்ந்தது. ஒரு சில்லு எவ்வளவு புதியது என்பதைவிட, அதைச் செய்தவர் டிரைவரை எப்போது எழுதி அனுப்பினார் என்பதுதான் முக்கியம்.

டிரைவர் இருந்தும் வேலை நடக்காத இடம் ஒன்று உண்டு, ஃபர்ம்வேர். சில்லுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல் அது. நிறுவனம் மூலநிரலைத் தராமல் கோப்பாக மட்டும் தரும். டெபியன் கொள்கைப்படி அதை நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்து, 2022-ல் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, டெபியன் 12 முதல் சேர்த்துக்கொண்டது. கொள்கையில் விட்டுக்கொடுத்ததுதான். ஆனாலும் சரியான முடிவு என்பேன்.

வைஃபை இல்லாமல் தவிப்பவருக்கு ஒரு வழி உண்டு. மெல்லிய லேப்டாப்களில் லேன் கேபிள் செருகும் இடம்கூட இப்போது இருப்பதில்லை. புதுக் கர்னலை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்குப் புதுக் கர்னல் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் போதும். போன் ஒரு லேன் கார்டாகவே லினக்ஸுக்குத் தெரியும். அதற்கான டிரைவர் கர்னலில் நெடுநாளாக இருக்கிறது. அந்த இணைப்பில் டெபியனின் 'பேக்போர்ட்ஸ்' களஞ்சியத்தைச் சேர்த்துப் புதிய கர்னலையும் ஃபர்ம்வேரையும் இறக்கி, மறுபடி பூட் செய்தால் பெரும்பாலும் வைஃபை வந்துவிடும். உபுண்டு 24.04 போடுபவர்கள் முதல் வட்டை எடுக்கக் கூடாது. அதில் இருப்பது கர்னல் 6.8. 2025 ஆகஸ்டில் வந்த 24.04.3 வட்டில் 6.14 இருக்கிறது. மிகப் புதிய கணினி என்றால் ஃபெடோரா இன்னும் தோது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, இடையிலும் கர்னல் மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. இன்டெல் லேப்டாப் சிலவற்றில் நிறுவும்போது எஸ்எஸ்டியே கண்ணில் படாது. பயாஸில் சேமிப்பக அமைப்பை ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் விண்டோஸ் 11 பல கணினிகளில் வட்டைத் தானாகவே பிட்லாக்கரால் பூட்டி வைத்திருக்கிறது. மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ளாமல் பயாஸில் கை வைத்தால் விண்டோஸ் பக்கம் இருக்கும் ப்ராஜெக்ட், போட்டோ எல்லாம் போய்விடக்கூடும். ஏஹெச்சிஐக்கு மாற்றியபின் விண்டோஸே பூட் ஆகாமலும் போகலாம், அதற்கான மாற்றத்தை விண்டோஸுக்குள் முன்கூட்டியே செய்துவிட வேண்டும். சாவியைத் தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

இதே சென்னையில் நிலைமை தலைகீழாக இருந்த இடமும் உண்டு. கிண்டி ஐஐடியில் பேராசிரியர் வி. காமகோடியின் தலைமையில் உருவான 'சக்தி' பிராசசர், ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்பில் அமைந்தது. 2018-ல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் அச்சாகி வந்த சில்லில் லினக்ஸ் பூட் ஆனது. உலகில் யாரும் வாங்கியிராத, யாருடைய மேசையிலும் இல்லாத சில்லு. அதைவிடப் புதிய வன்பொருள் இருக்க முடியாது. ஆனாலும் அதில் லினக்ஸ் எழுந்தது. சில்லைச் செய்தவர்களே மென்பொருளையும் கையில் வைத்திருந்தார்கள், ரிஸ்க்-ஃபைவ் ஆதரவும் அதே வருடம் ஜனவரியில் கர்னல் 4.15-ல் சேர்ந்திருந்தது. டெபியன் 13 ரிஸ்க்-ஃபைவை அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டுவிட்டது.

எனவே தாமதம் விதி அல்ல. யாராவது வற்புறுத்தினால் குறையக்கூடியது. வற்புறுத்தும் பலம் தமிழ்நாட்டு அரசிடம் இருக்கிறது. 2011 முதல் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்களை மாணவர்களுக்குத் தந்த அரசு இது. 2025-ல் கல்லூரி மாணவர்களுக்கென 20 லட்சம் கணினிகளுக்குத் திட்டமிட்டபோதும், விண்டோஸ் 11-உடன் பாஸ் லினக்ஸும் இருக்க வேண்டும் என்று அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் கேட்டது. இவ்வளவு பெரிய ஆர்டரை எந்த நிறுவனமும் சும்மா விடாது.

ஆனால் "பாஸ் இருக்க வேண்டும்" என்று மட்டும் கேட்டால், அந்த ஒரு கர்னலுக்கு மட்டும் ஒட்டுப்போட்ட டிரைவரோடு கணினி வந்துவிடலாம். மாணவர் கர்னலை அப்டேட் செய்த அன்றே வைஃபை நின்றுவிடும். வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட், தூக்கம் ஆகிய ஐந்தும் கர்னலின் பொதுப் பதிப்பில் எந்த ஒட்டும் இல்லாமல் இயங்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும். மாதிரிக் கணினியில் புதிய கர்னலைப் போட்டுச் சோதிக்க ஒரு மதியம் ஆகும். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் சென்னை சிடாக்கிலேயே இருக்கிறார்கள்.