பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு பெட்டி

தாம்பரம் பக்கத்தில் ஒற்றை அறைப் 'போர்ஷ'னில் குடித்தனம் செய்பவர்களுக்கு இந்த விஷயம் சுலபமாக விளங்கும். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் சாமான்களைப் பரணில் ஏற்றுவார்கள்; வேண்டும்போது ஏணி வைத்து இறக்குவார்கள். கம்ப்யூட்டரும் அதையே செய்கிறது. 'ராம்' என்கிற நினைவகம் நிரம்பிவிட்டால், அப்போதைக்குத் தேவைப்படாத தகவல்களை வட்டில் எழுதி வைக்கிறது. அந்தப் பரணுக்கு 'ஸ்வாப்' என்று பெயர். யுக்தி பழையதுதான். 1962-ல் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் இயங்கத் தொடங்கிய 'அட்லஸ்' யந்திரம், சுழலும் காந்த உருளையை இப்படி உபயோகித்தது.

சங்கடமெல்லாம் ஏணியில்தான். நினைவகத்தில் ஒன்றை எடுக்க விநாடியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் வட்டிலோ நூறில் ஒரு பங்கு ஆகிறது. லட்சம் மடங்கு தாமதம்!

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது நினைவிருக்கும். ஆரம்பத்தில் வந்தவற்றின் நினைவகம் 2 ஜிபிதான். விண்டோஸுடன் 'பாஸ்' என்கிற லினக்ஸும் அதில் இருந்தது. பாஸ் நம் பக்கத்துச் சரக்கு. தரமணியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஆராய்ச்சி மையத்துக்கும் அந்த முயற்சியில் பங்கு உண்டு. அப்படிப்பட்ட கணினியில் இன்று இரண்டு மூன்று இணையப் பக்கங்களைத் திறந்தால் போதும், திணற ஆரம்பித்துவிடும். வீட்டார் உடனே காயலான் கடையை நினைக்கிறார்கள்.

கொஞ்சம் பொறுக்கலாம். பரணுக்குப் போவானேன்? துணிகளை இறுக மடித்து, கட்டிலுக்கடியில் உள்ள டிரங்குப் பெட்டியில் வைத்தால் என்ன? நிதின் குப்தா என்பவர் தொடங்கிய 'இஸட்-ராம்' இதைத்தான் செய்கிறது. நினைவகத்திலேயே ஒரு பகுதியை ஸ்வாப் ஆக்கி, தகவல்களைச் சுருக்கி அடுக்குகிறது. 2014-ல் லினக்ஸின் 3.14 பதிப்பில் அது முறைப்படி இடம் பெற்றது.

'இருக்கிற இடத்தையே பங்கு போட்டால் லாபம் ஏது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1 ஜிபி பெட்டி வைத்தாலும், காலியாக இருக்கும்வரை அது இடத்தை அடைப்பதில்லை. நிரம்பும்போது தகவல் பாதியாகச் சுருங்கினால், அரை ஜிபி மிச்சம். சுருக்கி விரிக்கப் பிராஸஸருக்குச் சற்று வேலைதான். ஆனாலும் ஏணி ஏறுவதைவிட அது எவ்வளவோ மேல். ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்களும் சினிமாவும் மட்டும் இதில் மசியாது.

பாஸ் போன்ற டெபியன் வகை லினக்ஸில் 'இஸட்ராம்-டூல்ஸ்' என்ற பொதியை நிறுவிக்கொள்ளலாம், காலணாச் செலவில்லை. பழைய பரணையும் இடித்துவிட வேண்டாம். அதற்கு முன்னுரிமையைக் குறைத்து வைத்தால், பெட்டி நிரம்பிய பிறகே கம்ப்யூட்டர் ஏணியைத் தேடும்.