ஈப் புழுக்களை இனங்காணல்

அழுகிய மாமிசத்தில் நெளியும் புழுக்கள் யாவும் ஒரே வகையின என்பது பொதுவாக நிலவும் எண்ணம். காலில்லை; கண்ணில்லை; தலையெனப் பிரித்துக் கூறத்தக்க உறுப்புமில்லை. வெறுங்கண்ணால் நோக்கி, இஃது இன்ன ஈயின் குடம்பி எனத் துணிதல் பயின்றோர்க்கும் அரிதே. ஆயினும் அத்துணிபு இன்றியமையாததாகும் இடங்களும் உள.

1935ஆம் ஆண்டு செப்தெம்பர் 29ஆம் நாள், ஸ்கொத்லாந்தில் மொபற் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள ஓடைப் பள்ளமொன்றில், துண்டிக்கப்பட்ட இரு பெண்களின் உடற்பகுதிகள் பொதிகளாகக் காணப்பட்டன. அவற்றிலிருந்த குடம்பிகளைக் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் மேர்ன்ஸ் ஆராய்ந்து, அவை நீல ஈயினுடையவை என்றும், அவற்றின் வயது 12 முதல் 14 நாள் என்றும் கணித்தார். லங்காஸ்டர் நகர வைத்தியர் பக் றக்ஸ்ரனின் மனைவியும் பணிப்பெண்ணும் மறைந்தது அம்மாத நடுப்பகுதியிலாகும். றக்ஸ்ரன் 1936ஆம் ஆண்டு மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார். அவ்வழக்கில் வலிய சான்றுகள் வேறு பல இருந்தன. புழுக்கள் கூறிய காலமும் அவற்றோடு பொருந்தி நின்றது. இனமறியாது வயதறிதல் இயலாது. குளிர்நாட்டு நீல ஈயின் குடம்பி இரு வாரமளவில் எய்தும் வளர்ச்சியை, எமது மீன்சந்தைகளில் மொய்க்கும் நீலப்பச்சை ஈயின் குடம்பி ஐந்தாறு நாளில் எய்திவிடும்.

இனங்காண்பதற்குச் சிறந்த உறுப்பு குடம்பியின் பின்முனையிலேயே உள்ளது. அகன்ற அம்முனையிற் காணும் இரு கரும்புள்ளிகளைக் கண்களென மயங்கி, வாலைத் தலையாக வரைந்துவிடும் மாணவர் பலர். அவை சுவாசத்துவாரத் தட்டுகள். உணவினுள் வாயைப் புதைத்து ஓயாது உண்ணும் உயிர்க்குக் காற்று பின்புறத்தாற் புகுதல் எத்துணைப் பொருத்தம்!

நுணுக்குக்காட்டியில் நோக்கின், ஒவ்வொரு தட்டிலும் பிளவுகள் தோன்றும். இரண்டாம் பருவத்தில் இரண்டு பிளவுகளும், மூன்றாம் பருவத்தில் மூன்றும் இருத்தலால், பருவம் எண்ணிக்கையாற் புலனாகும். இனத்தைப் புலப்படுத்துவது வடிவமே. வீட்டு இலையானின் மூன்றாம் பருவக் குடம்பியிற் பிளவுகள் பாம்புபோல் வளைந்து நெளியும். நீல ஈயிலும் பச்சை ஈயிலும் அவை நேரானவை. அவற்றைச் சூழ்ந்த கரிய விளிம்பும் முற்றுப்பெற்ற வளையமாயிருக்கும். மேற்கூறிய மீன்சந்தை ஈயில் அவ்வளையம் ஓரிடத்தில் அறுபட்டுக் கிடக்கும். இறைச்சி ஈயிலோ தட்டுகள் ஆழ்ந்த குழியொன்றினுள் ஒளிந்திருக்கும். குழியின் இதழ்களை விலக்கியே அவற்றைக் காணல் வேண்டும்.

நீல ஈயையும் பச்சை ஈயையும் பிரித்தறியத் தட்டு மட்டும் போதாது. வாய்க்கொக்கிகளையும் நோக்குதல் தகும். அக்கொக்கிகளின் கீழே சிறு துணைத்தகடொன்று நீல ஈயில் உண்டு. பச்சை ஈயில் இல்லை. தோலெங்கும் சதைமுனைகள் நீட்டி நிற்கும் குடம்பியோ ஐயத்துக்கிடமின்றி வேறு. அது வளர்ந்தபின் ஏனைய குடம்பிகளைத் தின்னும் கொடியதுமாகும்.

பிழைகள் பெரும்பாலும் பேணும் முறையாலேயே நேர்கின்றன. உயிருடன் மதுசாரத்திலிட்ட புழு சுருங்கிக் கறுக்கும். அதன் நீளத்தைக்கொண்டு கணித்த வயதும் தவறும். முதலில் வெந்நீரிற் கொன்று, பின்னர் 80 சதவீத மதுசாரத்திற் சேமித்தலே நன்று. முதற்பருவக் குடம்பிகள் இனம் தெளிவாகக் காட்டா. ஆதலின், கிடைத்தவற்றிற் சிலவற்றை உயிருடன் வைத்து, இறைச்சித் துண்டும் உலர்மணலுமிட்ட சாடியில் வளர்த்து, வெளிப்படும் ஈயைப் பார்த்து உறுதிசெய்தல் வழக்கம்.