அளவுகோல் இல்லாமல் கீறப்பட்ட வீடுகள்

ஓவியம் என்றால் தூரிகை, கன்வஸ், எண்ணெய் வண்ணம் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஆனால் நம் இடப்பெயர்வைப் பதிவுசெய்த முக்கியமான ஓவியத் தொகுப்பு ஒன்றில் முதற்கோட்டைக் கீறியவர்கள் ஓவியர்கள் அல்லர்; வீட்டை இழந்தவர்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் உருவாக்கிய அந்த நூலின் பெயர் ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’. 2011 இல் ரேக்கிங் லீவ்ஸ் வெளியிட்டது. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. வரி வாங்குவதற்காக அரசு எழுதியது. சனாதனன் அந்தப் பெயரை எடுத்து வேலையைத் தலைகீழாக்கினார். இடம்பெயர்ந்த 80 பேரிடம், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். அது பின்னர் கட்டடக்கலைஞரின் அளவான வரைபடமாக மாறியது. அவர்கள் சொன்ன கதையிலிருந்து சனாதனன் தன் ஓவியத்தைத் தீட்டினார். ஒரே வீடு, மூன்று படங்கள்.

என்னைப் பொறுத்தவரை முதற்படம்தான் பெறுமதியானது. அளவான வரைபடத்தில் கிணறு ஒரு சிறு வட்டம். நினைவிலிருந்து கீறுபவருக்கு அளவுகோல் கிடையாது. மனதில் பெரிதாக இருப்பது தாளிலும் பெரிதாகும். கலைக்கல்லூரியில் இதைப் பிழை என்பார்கள். இங்கே அந்தப் ‘பிழை’தான் தகவல்.

திருகோணமலை நகரிலிருந்து பார்த்தால் கொட்டியாரக் குடாவின் மறுகரையில் இருக்கிறது சம்பூர். 2006 இல் இடம்பெயர்ந்த மக்கள் கிளிவெட்டி போன்ற இடங்களில் வருடக்கணக்காக முகாம்களில் இருந்தார்கள். 2015, 2016 இல் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது பலர் கண்டது பற்றைக்காட்டையும் உடைந்த அத்திவாரத்தையும்தான். அங்கே ஒரு அம்மாவிடம் கொப்பியும் பென்சிலும் கொடுத்து, பழைய வீட்டைக் கீறச் சொன்னேன். வீட்டை விட்டுவிட்டுக் கிணற்றில் தொடங்கினார்.

“கிணறு இருந்தாத்தான் தம்பி, மற்றதெல்லாம் எங்க இருந்தது எண்டு சொல்லலாம்.”

அவர் சொன்னது சரி. சுவர் விழும், வேலி அழியும், மரம் தறிபடும். தூர்ந்த கிணற்றைக்கூடத் தோண்டிக் கண்டுபிடிக்கலாம்.

அத்திவாரம் மிஞ்சியிருந்தால் இன்னொரு முறையும் உண்டு. சீமெந்துத் தரையின்மேல் மெல்லிய தாளை விரித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் வெடிப்பும் வாசற்படி விளிம்பும் தாளில் ஏறும். சின்ன வயதில் ஐந்து சதக் குற்றியை வைத்து நாம் செய்த அதே விளையாட்டுத்தான். ஜேர்மனிய ஓவியர் மக்ஸ் ஏர்ன்ஸ்ட் 1925 இல் பலகைத் தரையைத் தேய்த்து இதையே ஓவிய முறையாக்கினார். ‘ஃப்ரொத்தாஜ்’ என்று பெயர். கை நடுங்கும் வயதானவர்களுக்கும் இது வரும்.

இந்தப் படங்கள் காணி உறுதிக்கு ஈடாகா. பிரதேச செயலகத்தில் இதைக் காட்டிக் காணி கேட்க முடியாது. ஆனால் உறுதியில் இல்லாதவை இதில் இருக்கின்றன: மாட்டுக்கொட்டில், பக்கத்து வளவுக்குப் போகும் பொட்டு, யாருடைய வேலியில் யாருடைய முருங்கை. கீறும்போது நான்கு எல்லைக்காரரின் பெயர்களையும், கீறியவரின் பெயரையும், திகதியையும் தாளின் பின்புறம் எழுதிவையுங்கள். அந்த அம்மாவின் படத்தில் கிழக்கு எல்லைக்காரரின் பெயரைச் சொல்ல அவருக்கு அரைமணி நேரம் பிடித்தது. அவருடைய மகனுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கவேயில்லை.