பட்டம் சிதம்பரத்தில், படிப்பு மலையடியில்

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து ஊர்களிலிருந்து கள்ளக்குறிச்சி அரசு கலைக் கல்லூரிக்குப் படிக்க இறங்கிவரும் ஒரு மாணவி, மூன்று ஆண்டு கழித்து வாங்கப்போகும் பட்டத்தில் அச்சிட்டிருக்கும் பெயர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகம் இருப்பதோ சிதம்பரத்தில். முன்பு இந்த வட்டாரக் கல்லூரிகள் வேலூர்ப் பக்கத்துத் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. பிறகு விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அது வேர்பிடிப்பதற்குள், 2021 ஆகஸ்ட் இறுதியில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் அண்ணாமலையோடு சேர்க்கப்பட்டது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அதன் இணைப்புக்குள் வந்தன. அன்றைய விவாதம் பெரும்பாலும் பெயரையும் கட்சியையும் சுற்றியே நடந்தது. பல்கலைக்கழகம் மாறுவதால் மாணவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். விடுதி, பஸ், உதவித்தொகை, சான்றிதழ், மருத்துவம், மன ஆலோசனை ஆகியவற்றைப் படிப்புக்கு மேல் கிடைக்கும் கூடுதல் வசதிகளாக நாம் எண்ணுகிறோம். மலையிலிருந்து வரும் மாணவருக்குப் படிப்பு முடியுமா, பாதியில் நிற்குமா என்பதை முடிவு செய்வதே இவைதான். ஆகவே பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகம் இவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் வாதம்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு இது புதிய எண்ணம் இல்லை. 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அதை நிறுவியபோதே, மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகத்தான் அமைந்தது. வகுப்பறையோடு விடுதி, நூலகம், விளையாட்டுத் திடல், பிற்காலத்தில் மருத்துவமனை என்று வளாகமே ஓர் ஊராக வளர்ந்தது. சிதம்பரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வளாகம். பல பத்தாண்டுகள் வரை மாவட்டக் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் வேலை அதற்கு இருக்கவில்லை. 2013இல் அரசு அதைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. 2021இல் இணைப்புக் கல்லூரிகள் வந்து சேர்ந்தன. விளைவாக இன்று ஒரே பெயரில் இரண்டு வகை மாணவர்கள் இருக்கிறார்கள். வளாகத்துக்குள் இருப்பவருக்குப் பல்கலைக்கழகம் என்பது அறையும் சாப்பாடும் புத்தகமும் மருத்துவரும் சேர்ந்த ஒரு வாழ்க்கை. இணைப்புக் கல்லூரியில் இருப்பவருக்கு அது பாடத்திட்டம், தேர்வுக் கட்டணம், மதிப்பெண் பட்டியல் ஆகிய மூன்று தாள்கள். இந்தியாவின் கல்லூரி மாணவர்களில் பெரும்பகுதியினர் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள்தான். 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் பல்கலைக்கழகங்கள் 1,168, கல்லூரிகள் 45,473. வளாக வாழ்க்கை என்று சினிமாவிலும் கதையிலும் நாம் பார்ப்பது ஒரு சிறுபான்மையின் அனுபவம்.

கல்வராயன் மலையில் இந்த வேறுபாடு ஏன் கூர்மையாகத் தெரிகிறது என்பதற்கு அதன் வரலாறே பதில் சொல்லும். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தாரர்களின் ஆளுகையில் இருந்த மலை அது. 1976இல்தான் ஜாகிர் முறை முடிவுக்கு வந்து மலை முழுமையாக அரசின் கைக்கு வந்தது. இன்று கல்லூரியில் சேரும் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் ஜாகிர்தாரருக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்கள். சுதந்திர இந்தியாவின் பள்ளிக்கூடமும் சாலையும் அவர்களிடம் ஒரு தலைமுறை தாமதமாகத்தான் போயின. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். பழங்குடியினரிடையே 54 சதவீதம். அவர்களில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர். ஆக, மலையிலிருந்து வரும் மாணவருக்கு வீட்டில் வழிகாட்ட முன்பு கல்லூரிக்குப் போனவர் இருப்பது அரிது. எந்தப் படிவம் எப்போது தர வேண்டும், அரியர் விழுந்தால் என்ன செய்ய வேண்டும், எந்தப் பாடம் எடுத்தால் எந்த வேலைக்குப் போகலாம் என்று நகரத்துப் பிள்ளைக்கு அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ சொல்லித்தருவதை, இவருக்குக் கல்லூரிதான் சொல்லித்தர வேண்டும்.

ஏற்பாடு சரியாக இருந்தால் இந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. கல்வராயன் மலையின் சேலம் பக்கம் இருக்கும் கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் 2025இல் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பெற்றார். செய்தித்தாள்கள் அவர் திறமையைப் பாராட்டின. பாராட்ட வேண்டியதுதான். அந்தப் பள்ளியின் பெயரிலுள்ள 'உண்டு உறைவிட' என்ற இரண்டு சொற்களையும் அதே அளவுக்குக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை சோறும் படுக்கையும் படிப்பும் ஒரே கூரையின் கீழ், ஒரே துறையின் பொறுப்பில் இருந்தன. கல்லூரி வாசலில் அந்த ஏற்பாடு அறுந்துபோகிறது.

எப்படி அறுகிறது என்று பார்ப்போம். பட்டம் உயர்கல்வித் துறையின் கீழுள்ள பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. விடுதி, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் பொறுப்பு. பஸ், போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்தின் பொறுப்பு. ஜாதிச் சான்றிதழ் வருவாய்த் துறையின் பொறுப்பு, அதிலும் எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். உதவித்தொகை வர ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும்; கணக்கு முடங்கிக் கிடந்தால் வங்கிக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு அலுவலகமும் தன் வேலையைச் சரியாகவே செய்வதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு மாணவிக்குச் சேர்க்கையின்போது சான்றிதழ், முதல் மாதத்தில் விடுதி இடம், காலை வகுப்புக்கு முன் பஸ், பருவத் தேர்வுக்கு முன் உதவித்தொகை ஆகிய நான்கும் சரியான நேரத்தில் சேர்ந்து கிடைக்கின்றனவா என்று பார்க்க யாருக்கும் கடமை இல்லை. ஒன்று தவறினாலும் மற்ற மூன்றும் பயனற்றுப் போகின்றன. கோட்டாட்சியர் அலுவலகம் இருப்பது கள்ளக்குறிச்சியில். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம் என்றாலும், விசாரணைக்கும் சந்தேகம் தீர்ப்பதற்கும் மலையிலிருந்து இறங்கியே ஆக வேண்டும். ஒரு நாள் கூலி அதில் போகும்.

பஸ்ஸை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் எல்லாரும் இதைத்தான் அற்பமாக நினைக்கிறார்கள். மலையூர்கள் இரண்டாயிரத்திலிருந்து நான்காயிரம் அடி உயரத்தில் சிதறிக் கிடக்கின்றன. கோமுகி அணைப் பக்கமிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பாதையில் ஒரு நடை தவறினால் அன்றைய வகுப்பு போயிற்று. கல்லூரி இரண்டு ஷிப்டாக நடந்தால், முதல் ஷிப்ட் காலையிலேயே தொடங்கிவிடும். இரண்டாம் ஷிப்ட் முடியும்போது மலை ஏறும் கடைசி பஸ்ஸின் நேரம் நெருங்கிவிடும். பருவத்துக்கு 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். ஆக, கால அட்டவணையை வகுக்கும் போக்குவரத்து அதிகாரி தனக்கே தெரியாமல் யார் பட்டதாரி ஆகலாம் என்பதையும் வகுத்துவிடுகிறார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்களை மனத்தில் வைத்து உருவானது. நீலகிரி போன்ற மலைப்பகுதிகளுக்கு 2024இல்தான் நீட்டிக்கப்பட்டது. திட்டம் போடுகிறவரின் கற்பனையில் சமவெளிதான் முதலில் வருகிறது, மலை பிறகு.

தினமும் ஏறி இறங்க முடியாதவருக்கு விடுதிதான் வழி. 2023இல் தமிழக அரசு நலவிடுதிகளின் உணவுப்படியை உயர்த்தியது: கல்லூரி மாணவருக்கு மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய். நல்ல உயர்வுதான், ஆனாலும் நாளொன்றுக்கு 50 ரூபாய். மூன்று வேளைச் சாப்பாட்டை அதற்குள் முடிக்க வேண்டும். 2025இல் அரசு எல்லா நலவிடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தது. பெயரோடு மெஸ்ஸும் கழிப்பறையும் மேம்பட்டால்தான் மாணவர் அதை நம்புவார். சாப்பாட்டைவிடவும் பெற்றோர் அஞ்சுவது பாதுகாப்பைப் பற்றி. 2022 ஜூலையில் சின்னசேலம் அருகே கனியாமூரில் தனியார் பள்ளி விடுதியில் மாணவி ஒருவர் இறந்ததும், அதைத் தொடர்ந்து மூண்ட வன்முறையும் இந்த மாவட்டத்துக் குடும்பங்களின் மனத்தில் ஆழப் பதிந்திருக்கின்றன. பெண்ணை விடுதியில் விடத் தயங்கும் பெற்றோரைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குவது அநியாயம். வார்டன் இரவில் தங்குகிறாரா, உடம்புக்கு முடியாவிட்டால் யார் கூட்டிப்போவார்கள், மனம் உடைந்தால் யாரிடம் பேசுவாள் என்று அவர்கள் கேட்பது சரியான கேள்வி. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் உத்தரவிட்டது. கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து வாரம் ஒரு நாள் ஒரு மனநல மருத்துவர் அரசு கலைக் கல்லூரிக்கு வந்துபோவதற்கு இரண்டு துறைகள் பேசிக்கொண்டால் போதும்.

சேவைகளை ஒன்றாகக் கட்டித் தந்தால் மாற்றம் வரும் என்பதற்கு அளந்து பார்த்த ஆதாரம் உண்டா? உண்டு, அது நியூயார்க்கில் இருக்கிறது. அந்த நகரின் பொதுப் பல்கலைக்கழகமான சிட்டி யுனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க், தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் படிக்கும் ஏழை மாணவர்களுக்காக 2007இல் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 60 முதல் 80 மாணவருக்கு ஓர் ஆலோசகர், பாடப்புத்தகத்துக்கு உதவி, கட்டணத்தில் விழும் துண்டுக்கு ஈடு, சுரங்க ரயிலுக்கு மாதப் பயண அட்டை. பயண அட்டையை வாங்க மாணவர் ஆலோசகரைச் சந்திக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சந்திப்பிலேயே பிரச்சினைகள் வெளியே வந்துவிடும். எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துத் தொடர்ந்து கவனித்தது. மூன்று ஆண்டு முடிவில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள்; வெளியே இருந்தவர்களில் 22 சதவீதம். இரு குழுவினரும் படித்தது அதே கல்லூரிகளில்தான். தலைக்குச் செலவு கூடியது உண்மை. பட்டம் பெற்றவர் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் கூடியதால், ஒரு பட்டதாரியை உருவாக்க ஆன செலவு குறைந்தது.

அரசு ஏற்கெனவே நிறையத் தருகிறதே என்பார்கள். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் ஆயிரம் ரூபாய். இவை அருமையான திட்டங்கள். பல குடும்பங்களில் பெண்ணின் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைத்தது அந்த ஆயிரம் ரூபாய்தான் என்று நம்புகிறேன். ஆனால் கையில் பணம் இருப்பதாலேயே இல்லாத பஸ் வந்துவிடாது. நிரம்பிய விடுதியில் இடம் பிறக்காது. வேறு சிலர் வெள்ளிமலையிலேயே ஒரு கல்லூரி திறந்துவிடலாமே என்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது, நான் எதிர்க்கவில்லை. சமவெளியில் இருக்கும் அரசுக் கல்லூரிகளே கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும்போது, மலைக் கல்லூரிக்கு நான்கைந்து பாடப்பிரிவுகளும் காலிப் பணியிடங்களுமே மிஞ்சும் என்ற அச்சம் எனக்கு உண்டு. மலைப் பிள்ளை இயற்பியலோ ஆங்கில இலக்கியமோ படிக்க விரும்பினால் அப்போதும் கீழே வரத்தான் வேண்டும். தொலைதூரக் கல்வியும் இணையவழிக் கல்வியும் போதும் என்பவர்களுக்கு, அண்ணாமலை 1979இலேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கிய பல்கலைக்கழகம் என்பதை நினைவூட்டலாம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு அது உதவியது. பதினெட்டு வயதில், கைபேசிச் சிக்னலைத் தேடி மேடேற வேண்டிய ஊரில் இருக்கும் முதல் தலைமுறை மாணவருக்கு அது தனிமையையே தரும்.

பல்கலைக்கழகத்தின் வேலை பாடமும் தேர்வும்தான், பிள்ளைகளைச் செல்லம் கொடுத்து வளர்ப்பது இல்லை என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. 1929இல் சிதம்பரத்துக்குப் படிக்க வந்தவர்களில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு விடுதியும் மெஸ்ஸும் கட்டியதை யாரும் செல்லம் என்று சொல்லவில்லை. உயர்ந்த கல்வியின் இலக்கணம் என்றே சொன்னார்கள். அதே ஏற்பாட்டை மலையாளிச் சமூகத்துப் பெண்ணுக்குக் கேட்டால் மட்டும் அது சலுகை ஆகிவிடுமா? நிதி நெருக்கடி என்ற தடை மெய்யானது. அரசு 2013இல் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டதற்கே அதுதான் காரணம். ஆனால் நான் கேட்பதில் பெரும்பகுதி புதிய கட்டடம் இல்லை. ஒவ்வொரு இணைப்புக் கல்லூரியிலும் மாணவர் சேவைக்கென்று ஒரு பொறுப்பாளரும் ஒரு மேசையும் வேண்டும். சான்றிதழ், உதவித்தொகை, விடுதி, பஸ் நான்கையும் பின்தொடர்வது அவர் கடமையாக இருக்க வேண்டும். கல்லூரி நேரத்தை வகுக்கும் முன் போக்குவரத்துக் கோட்டத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். கோட்டாட்சியர் அலுவலகம் மே, ஜூன் மாதங்களில் வெள்ளிமலையிலேயே முகாம் போட வேண்டும். இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் வாங்கும் பல்கலைக்கழகம் இவற்றை இணைப்பின் நிபந்தனையாக வைக்கலாம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபின், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பஸ், பள்ளி, மருத்துவம் பற்றியெல்லாம் கேள்வி எழுந்தது நல்லது. கல்லூரியில் சேர்ந்தும் முடிக்காமல் போனவர்களைப் பற்றியும் யாராவது கேட்க வேண்டும். தமிழகத்தின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22இல் 47 சதவீதம், நாட்டின் சராசரியோ 28.4. நாம் பெருமைப்படுவது அந்த எண்ணில். அது உள்ளே வந்தவர்களின் கணக்கு. வெளியே பட்டத்தோடு போனவர்கள் எத்தனை பேர், இடையில் மலைக்கோ திருப்பூருக்கோ கேரளத்துக்கோ போய்விட்டவர்கள் எத்தனை பேர் என்று கல்லூரிவாரியாக, சமூகவாரியாக அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சேர்க்கைப் பதிவேடும் தேர்வு முடிவும் அதன் கையிலேயே இருக்கின்றன. இணைப்பு ஆய்வுக் குழு நிரப்பும் படிவத்தில் அதற்காக ஒரு பக்கம் சேர்க்க, பல்கலைக்கழக ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டின் தீர்மானம் ஒன்று போதும். வரும் கல்வியாண்டுக்கு முன் அந்தத் தீர்மானம் வரட்டும்.